கிழிய வேண்டிய சட்டை

நேற்றுக் காலையில் எங்கள் தெரு முருகன் கோயில் பூசாரி வாசலில் வந்து நின்றார். சஷ்டி விழா நெருங்குகிறது, கோயில் ஜெனரேட்டர் நாலு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொள்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். நான் ஜெனரேட்டர் வேலையை விட்டு வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் சாமி காரியத்துக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, அழுக்கு வேலைக்குப் போடுகிற சட்டையை எடுக்க பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன்.

மூன்று சட்டைகளும் இருந்தன. இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது. அதுவே எனக்கு என்னவோ போல் இருந்தது. அந்தச் சட்டைகளுக்கு யாரும் இஸ்திரி போட்டதில்லை.

மருமகள் பிருந்தா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்த மூணு சட்டையும் கை பிரிஞ்சு தொங்கீட்டுக் கெடந்துச்சுங்க மாமா. கம்பெனிக்குக் கொண்டுபோயி ஓவர்லாக்ல போட்டுட்டு வந்தனுங்க. இனி எந்தக் காலத்துக்கும் பிரியாதுங்க."

"நல்லது கண்ணு" என்றேன்.

தோள்பட்டையில் விரலை விட்டு இழுத்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. தொழில் தெரிந்த பெண். அவள் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். அவள் தைத்தது பிரியாதுதான்.

விஷயம் என்னவென்றால், அந்தச் சட்டைக்கைகள் கிழிந்து தொங்கவில்லை. பிரிய வேண்டும் என்றே என் மனைவி சரசு தைத்து வைத்தவை. சரசு போய் மூன்று ஐப்பசி ஆகிவிட்டது. அவள் கடைசியாக ஊசி பிடித்துத் தைத்தது அந்த மூன்று சட்டைகளைத்தான். அவள் போன பிறகு நான் அதைப் போட்டுக்கொண்டதே இல்லை. போட்டு, எங்காவது மாட்டிப் பிரிந்துவிட்டால் மறுபடி அப்படித் தைக்க ஆள் இல்லையே என்று அப்படியே கிடக்க விட்டிருந்தேன். பிருந்தா இந்த வீட்டுக்கு வந்தது போன ஆவணியில். மாமியாரைப் பார்த்ததே இல்லை. பார்க்காத மாமியாரின் படத்துக்குத் தினமும் குளித்துவிட்டு வந்து பூ வைக்கிற பெண். அவளிடம் போய், நீ பிரித்துப் போட்டது அந்தம்மா தைத்ததம்மா என்று எப்படிச் சொல்வது. சொல்லாமல் இருந்தால், ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் இந்தக் கெட்டித் தையலோடு எப்படி நிற்பது. சொல்வதா வேண்டாமா என்பதே நேற்றுப் பகல் முழுக்க எனக்கு வேலையாகப் போயிற்று.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சட்டைக்கை பிரியக்கூடாது என்றுதானே எல்லோரும் தைக்கிறார்கள். அதுவும் இந்தத் திருப்பூரில், ஊசியும் நூலும்தான் ஊருக்கே சோறு போடுகிற இடத்தில், பிரிகிற மாதிரி ஒருத்தி தைத்தாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் ஜெனரேட்டர் வேலை பார்த்த காலத்தில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கம்பெனிக்குக் கம்பெனி ஜெனரேட்டர் போட்டார்கள். பஸ்ஸில் வந்து இறங்கினால் ஊரே டீசல் வாசம் அடிக்கும். எனக்குப் பிடித்த வாசம் அது. பிள்ளைகளுக்குத்தான் ஆகாது. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுப் பல்லடத்தில் லாரி ஷெட்டில் கிடந்தவன் நான். எனக்கும் ஜாபர் அண்ணனுக்கும் முருகன் அள்ளிக் கொடுத்த காலம் அது. ஜாபர் அண்ணன் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், கூட்டாகத் தொழில் செய்தோம். முருகன் கொடுத்தான் என்று நான் சொன்னால், "உனக்கு முருகன் குடுத்தான், எனக்கு அல்லா குடுத்தான், ரெண்டு பேருக்கும் சேத்தி ஈபிக்காரன் குடுத்தான்" என்பார்.

ஜெனரேட்டர் வேலை மாதிரி அழுக்கு வேலை வேறு இல்லை. கரி, கறுப்பு எண்ணெய், கிரீஸ். அதை எங்கே வைத்திருப்பார்கள் தெரியுமா, கம்பெனியின் பின்பக்கம். அங்கே போக வேண்டுமென்றால் கட்டிங் டேபிளைத் தாண்டி, செக்கிங்கைத் தாண்டி, பால் மாதிரி வெள்ளைத் துணி மலைமலையாகக் கிடக்கிற இடத்தை எல்லாம் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு விரல் பட்டால் ஒரு பீஸ் போச்சு. சூப்பர்வைசர்கள் எங்களைப் பார்த்ததும் ஓடி வருவார்கள். "ஏனுங்க மெக்கானிக், சித்த ஒதுங்கிப் போங்க, ஒதுங்கிப் போங்க" என்று கூடவே வருவார்கள். நாங்கள் போலீசில் பிடிபட்ட மாதிரி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடப்போம். செக்கிங் பெண்கள் சிரிப்பார்கள்.

அதனால் எங்கள் ஊரில் மெக்கானிக் போடுகிற சட்டையில் ஒரு யோசனை உண்டு. வேறு ஊரில் அழுக்கு வேலைக்குக் கறுப்போ ஊதாவோ போடுவார்கள், அழுக்குத் தெரியாது என்று. ஜாபர் அண்ணன் சந்தனக் கலர், வெளிர் நீலம், இப்படித்தான் போடுவார். நான் முதலில் ஒரு கறுப்புச் சட்டையோடு போனபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அழுக்குத் தெரியோணும்யா. தெரிஞ்சாத்தான நாம ஒதுங்கி நிப்போம்."

அது சரிதான். கறுப்புச் சட்டைக்காரன் தன் முதுகில் எண்ணெய் இருப்பது தெரியாமல் துணி மூட்டையில் சாய்ந்துவிடுவான். அன்றோடு கறுப்பை விட்டேன். கார்த்திகை மாதம் சபரிமலைக்கு மாலை போட்டு, கறுப்பு உடுத்தியே ஆக வேண்டிய மெக்கானிக்குகள் எங்கள் வெளிர் சட்டைகளைப் பார்த்து, உங்களுக்குத்தான் வசதி என்று சொல்வார்கள். நான் பழனிக்கு மாலை போடுகிறவன். காவி வேட்டி. அந்த நாட்களில் வேட்டியை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வேலை முடிந்து கை கழுவிய பிறகுதான் தொடுவேன். மண்ணெண்ணெயில் ஒருதரம், மரத்தூள் போட்டு ஒருதரம், பிறகு சோப்பு. அப்படியும் நெற்றியில் பூசிய திருநீற்றில் டீசல் மணக்கும். அவனுக்குத் தெரியாததா என்று சொல்லிக்கொள்வேன்.

சட்டைகளுக்கு எங்கள் வீட்டில் ஒரு இறங்குமுகம் இருந்தது. புதுச் சட்டைக்குக் காலரில் மஞ்சள் வைத்து முதலில் கோயிலுக்கு. பிறகு கல்யாணம் காட்சிக்கு. அப்போதெல்லாம் அது பீரோவின் மேல்தட்டில் இருக்கும். காலர் வெளுத்ததும் நடுத்தட்டு, கடைக்குப் போக வர. அதற்கும் பிறகு கீழ்த்தட்டு, அது வேலைக்கு. எந்தச் சட்டை எப்போது இறங்க வேண்டும் என்று முடிவு செய்வது சரசுதான். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். எனக்கு நன்றாக இருக்கிறதாகப் படும் சட்டையை ஒருநாள் கீழ்த்தட்டில் காண்பேன். மறுநாள் அதில் டீசல் பட்டிருக்கும், பேச்சு முடிந்தது.

சட்டை இல்லாத நாளில் பனியன்தான். அதுவும் இந்த ஊரில் கிடைக்காத பனியனா. வெளிநாட்டுக்குப் போக முடியாமல் நின்றுபோனது, பிரிண்ட் கோணிப்போனது, கலர் ஒட்டாதது. எங்கள் மெக்கானிக்குகள் நெஞ்சில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்துப் பெயரை எழுதிக்கொண்டு எஞ்சினுக்கு அடியில் படுத்திருப்பார்கள்.

ஒரு மார்கழி. குளிர் அதிகம். ஒரு கம்பெனி மேனேஜர் ஜாபர் அண்ணனுக்குப் பிரியமாக ஒரு முழுக்கை பனியன் கொடுத்தார். உள்ளே பஞ்சு மாதிரி, மணிக்கட்டில் இறுகப் பிடிக்கிற பட்டி. நெஞ்சில் எழுத்து எதுவும் இல்லை, எழுத்து விட்டுப்போனதால்தான் அது நின்றுபோனது. அண்ணன் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். மூன்றாம் நாளோ என்னவோ, ஓடுகிற ஜெனரேட்டரில் தண்ணீர் பம்ப் சத்தம் கேட்கக் குனிந்தார். பெல்ட்டுக்கு மூடி இல்லை. கழற்றி வைத்திருந்தோம். பட்டி பெல்ட்டில் பிடித்துக்கொண்டது. சட்டையாக இருந்தால் டர்ரென்று கிழிந்திருக்கும். பனியன் துணி இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும், கிழியாது. நான் ஓடிப் போய் நிறுத்துவதற்குள் ஆகிவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கை அதற்கப்புறம் ஸ்பேனர் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு சரசுவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஜாபர் அண்ணன் மனைவி நூர்ஜகான் அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. மடியில் அந்தப் பனியனைச் சுருட்டி வைத்திருந்தார். சரசு பக்கத்தில் உட்கார்ந்ததும் அதை விரித்துக் காட்டினார்.

"நல்ல துணி சரசு. அதான் விடமாட்டேனுருச்சு."

சரசு அதை வாங்கி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். நீண்டது. விட்டால் பழையபடி வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அண்ணன் பிறகு காதர்பேட்டையில் மச்சானின் பனியன் கடையில் உட்கார்ந்தார். வடக்கத்தி வியாபாரிகளிடம் இடது கையால் பனியனை இழுத்துக் காட்டி, கிழியாது என்று இந்தியில் சொல்லி விற்பார். நான் போனால் டீ சொல்லுவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் சரசு என் வேலைத் துணியிலிருந்து பனியன்களை எல்லாம் எடுத்து எண்ணெய் துடைக்கப் போட்டுவிட்டாள். பழைய நெசவுச் சட்டைகள் மட்டும் மிஞ்சின. கையில்லாத சட்டை போட்டுக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சைலன்ஸர் குழாய் பக்கத்தில் ஒருதரம் நின்று பாருங்கள். கை பொத்துப்போகும். மடித்து விட்டுக்கொண்டாலோ, மடிப்பு தடித்து இன்னும் வசமாக மாட்டும். கை வேண்டும். ஆனால் பிடித்தால் போய்விட வேண்டும்.

அவள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளும் கம்பெனியில் ஓவர்லாக் தைத்தவள்தான். சட்டையின் இரண்டு கைகளையும் தோளில் சுத்தமாகப் பிரித்து எடுத்துவிட்டு, ஊசியால் எட்டி எட்டித் தையல் போட்டாள். நூல், பனியன் துணி பின்னுகிற ஒற்றை நூல். முறுக்கு இருக்காது. விரலில் சுற்றி வெட்டி இழுத்தால் அறுந்துவிடும். நுனியில் முடிச்சும் போடமாட்டாள். தைத்து முடித்ததும் சட்டையைக் கதவு ஆணியில் மாட்டி, சட்டைக்கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுப்பாள். கழன்று கையோடு வர வேண்டும். வராவிட்டால் தையல் சரியில்லை. வந்துவிட்டால் சரி, மறுபடி அதே மாதிரி தைப்பாள். ஒவ்வொரு சட்டைக்கும் இரண்டுதரம் வேலை. நான் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இவ்வளவு மெனக்கெட்டு ஒருத்தி கெட்டுப்போகிற மாதிரி தைக்கிறாளே என்று இருக்கும்.

கழுத்தில் கிடந்த முருகன் டாலரையும் விடவில்லை. எஃகுச் சங்கிலியைக் கழற்றிவிட்டு அதே ஒற்றை நூலில் கோத்துப் போட்டாள். சாமி டாலரை இப்படி அறுந்துபோகிற நூலில் போடலாமா என்று எனக்குச் சங்கடம். "நூலு அறுந்தா மறுக்கா கட்டிக்கலாங்க. சாமி கோவிச்சுக்காது" என்றாள்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. ஒரு கிருத்திகை அன்று சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. கோயிலுக்கு நேரமாயிற்று என்று இருட்டில் ஆணியில் தொங்கிய சட்டையைத் தடவி எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். தீபாராதனை. மணி அடிக்கிறது. மெய்மறந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி அரோகரா என்றேன். இரண்டு சட்டைக்கையும் தோளிலிருந்து கழன்று முழங்கையில் வந்து உட்கார்ந்துகொண்டன. பின்னால் நின்ற ஒரு அம்மா சரசுவிடம், "ஏனுங்க சரசு, உங்க ஊட்டுக்காரருக்குச் சாமி வந்துருச்சுங்களா, சட்டையெல்லாம் கழண்டு வருது" என்று கேட்டார்.

சரசு கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அவருக்கு வரலீங்க. சட்டைக்குத்தான் வந்திருக்குது."

பூசாரி தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது இதை எழுதும்போது சிரிப்பு வரும் என்று நினைத்தேன்.

பிறகு சாமளாபுரத்தில், ஒரு தறிக்குடோன் ஜெனரேட்டர். ரேடியேட்டர் ஃபேன் பக்கம் கையை நீட்டியிருக்கிறேன். நீட்டினது ஞாபகம் இல்லை. தோளில் யாரோ தட்டின மாதிரி இருந்தது. பார்த்தால் என் சட்டைக்கை பெல்ட்டோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. சந்தனக் கலர். சுற்றச் சுற்றக் கறுத்துக்கொண்டே வந்தது. என் கை என்னிடம் இருந்தது. நான் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டேன். தறிக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். மிச்ச வேலையை முடித்துவிட்டு, ஒரு பக்கம் கையில்லாத சட்டையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் ஒரு குழந்தை என்னையே பார்த்துக்கொண்டு வந்தது.

சரசு என் தோளைப் பார்த்தாள். சோறு போட்டாள். "கொழம்பு ஊத்தட்டுங்களா" என்று கேட்டாள். ஊற்றச் சொன்னேன். நான் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் நடுத்தட்டிலிருந்து ஒரு சட்டையை எடுத்துவந்து உட்கார்ந்து தோளைப் பிரிக்க ஆரம்பித்திருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் ரொம்ப நேரம் சுற்றினாள் என்று பிறகு பூசாரி சொன்னார்.

அதற்கப்புறம் கரண்ட் சீராக வர ஆரம்பித்தது. என் தொழில் குறைந்தது. பெரிய கம்பெனிகளில் ஜெனரேட்டரை விற்றவர்களே ஆள் அனுப்புகிறார்கள். தலை முதல் கால் வரை ஒரே உடுப்பு போட்ட பையன்கள் வந்து, பெட்டியைத் திறந்து, ஏதோ பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஜாபர் அண்ணன் கடையை விட்டுவிட்டு மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். சரசுவுக்கு உடம்பு முடியாமல் போனது. படுக்கையில் உட்கார்ந்துதான் அந்த மூன்று சட்டைகளையும் தைத்தாள். எனக்கு அப்போது வேலையே இல்லை, எதற்கு இது என்றேன். யாராச்சும் கூப்பிட்டா, என்றாள். ஆணியில் மாட்டி இழுத்துப் பார்க்க எழுந்திருக்க முடியவில்லை. நான் மாட்டி இழுத்துக் காட்டினேன். கழன்று வந்தது. தலையை ஆட்டினாள். மறுபடி தைத்தாள்.

இன்று காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது பிருந்தா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். படத்துக்குப் பூ வைத்தாகிவிட்டது. கொடி மல்லி. சொல்லிவிடலாம் என்றுதான் சமையல்கட்டு வரைக்கும் போனேன். அவள் திரும்பி, "சட்டை இப்ப நல்லா இருக்குதுங்களா மாமா" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

கோயிலில் ஜெனரேட்டர் முன்னால் உட்கார்ந்து, பூசாரியிடம் கத்தரிக்கோல் வாங்கி இரண்டு சட்டைக்கையையும் தோளோடு வெட்டினேன். தையலுக்கு உடம்புப் பக்கமாக வெட்டினேன், ஓவர்லாக் தையல் சட்டைக்கையோடு வந்துவிட்டது. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தது. அவ்வளவுதான். எஞ்சின் ஓடியது. அணைக்கக் குனியும்போது சைலன்ஸர் முழங்கைக்கு மேலே சுட்டுவிட்டது.

வீட்டில் பிருந்தா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து போட்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கைய ஏனுங்க மாமா வெட்டுனீங்க? கெட்டியாத்தான தெச்சிருந்தேன்."

"மெஷின்கிட்ட கை தொங்கக்கூடாது கண்ணு. உன் தையலுக்கு ஒண்ணும் கொறையில்லை."

"அத்தை இருந்திருந்தா என்னைத்தான் வெய்வாங்க."

"அவ யாரையும் வெய்யமாட்டா" என்றேன். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. இனியும் சொல்லப் போவதில்லை. பிருந்தா, மற்ற இரண்டு சட்டையும் புதுசு மாதிரி இருக்கிறது, கோயிலுக்கே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அவற்றைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

வெட்டிய சட்டைக்கையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சரசுவின் நூல் போனாலும் ஊசி போன ஓட்டை இருக்கும் இல்லையா, அதற்காக. இல்லை. ஓவர்லாக் மெஷினில் ஊசிக்கு முன்னால் ஒரு சின்னக் கத்தி உண்டு. துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும். சரசுவின் ஊசி போன ஓரம் பூராவும் அந்தக் கத்திக்கு வந்து, மெஷினுக்குக் கீழே விழுந்து, கூட்டி அள்ளி வேஸ்ட் மூட்டையில் போயிருக்கும். பிருந்தாவின் கம்பெனியில் வேஸ்ட் மூட்டையைத் தேக்கி வைப்பதில்லை. அன்றன்றைக்கே லாரி ஏறிவிடும்.